56 நாள் 'ஹோல்ட்': ஒரு நேர்முகத் தேர்வுக்குப் பிறகு நடந்தவை

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஒஃபிஸ் ரிசெப்ஷனில் ஒரு தம்பி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் வேலை கேட்டு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இன்டர்வியூவுக்கு வந்தபோது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன கிராம சேவகர் நற்சான்றிதழின் மூலப்பிரதியைத் திருப்பி வாங்க வந்திருந்தார்.

அவர் பெயரையும் கொம்பனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. கொழும்பு 2இல், ஏறக்குறைய 140 பேர் வேலை செய்த ஓர் இறக்குமதி, விநியோகக் கொம்பனி அது. மனிதவளப் பிரிவில் (எச்.ஆர்.) ஆட்சேர்ப்பு என் பொறுப்பு. ஆகவே இங்கே சொல்லப்போகும் தவறில் எனக்கும் பங்குண்டு. அன்று அவரை என் அறைக்குக் கூப்பிட்டு, கோப்பை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதையும் கோப்பில் இருந்ததையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததுதான் இந்த ஆய்வு. எழுதலாமா என்று பிறகு கேட்டேன். "எழுதுங்கோ மிஸ், ஆனா என்ர பேர் வேண்டாம்" என்றார்.

அவர் பக்கம்

வயது 26. சொந்த ஊர் வவுனியா. ஏ.எல். (உயர்தரம்) வணிகப் பிரிவு செய்து, ஏ.ஏ.டி. கணக்கியல் பரீட்சை முடித்து, சாட்டட் கணக்காளர் பரீட்சைகளில் பாதி தாண்டியவர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறையில் இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கணக்காய்வு ஒஃபிஸில் வேலை. சம்பளம் கையில் கொடுப்பார்கள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. செப்டெம்பர் தொடக்கத்தில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்து உதவிக் கணக்காளர் வேலைக்கு சிவி அனுப்பினார்.

முதல் இன்டர்வியூ செப்டெம்பர் 19. ஒரு மணித்தியால எழுத்துப் பரீட்சை, பிறகு என்னோடு பேச்சு. இரண்டாவது ஒக்டோபர் 3, கணக்குப் பிரிவு மனேஜரோடு. மூன்றாவது ஒக்டோபர் 17, நிதிப் பணிப்பாளரோடு. மூன்று தடவையும் வேலை செய்த இடத்தில் பொய் சொல்லித்தான் லீவு எடுத்தார். மூன்று தடவையும் அரை நாள் சம்பளம் போயிற்று. 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடந்து வருவாராம். வியர்வை காய்ந்த பிறகு உள்ளே வரவேண்டும் என்று ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து, எதிர்ப்பக்கக் கடை நிழலில் நிற்பாராம். நான் தினமும் தேநீர் குடிக்கப் போகிற கடைதான் அது.

மூன்றாம் நாள் பணிப்பாளர் கடைசியாகக் கேட்டது, எடுத்தால் எப்போது ஜொயின் பண்ணலாம் என்பது. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றார் தம்பி. பணிப்பாளர் தலையாட்டி, எழுந்து நின்று கைகொடுத்து, எச்.ஆர். கூப்பிடும் என்று அனுப்பினார்.

எங்கள் பணிப்பாளர் அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார். படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு பெட்டி அது. ஆனால் கேட்டவருக்கு அது பாதி நியமனக் கடிதம் போல. அன்றிரவே வவுனியாவுக்கு கோல் எடுத்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "அநேகமா சரிவரும் அம்மா."

ஒரு கிழமை போயிற்று. அதற்கிடையில் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுத ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. முதலாளி நவம்பர் 1க்குள் பதில் கேட்டார். சம்பளம் இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்களிடம் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இருந்தது: ஈ.பி.எஃபில் சம்பளத்தில் அவர் பங்கு 8 வீதம், எங்கள் பங்கு 12, அதற்கு மேல் ஈ.டி.எஃப். 3. இருபத்தாறு வயதில் அதை யோசிக்கும் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒக்டோபர் 30 அன்று எங்களுக்கு கோல் எடுத்தார். இன்னும் முடிவாகவில்லை, எச்.ஆர். கூப்பிடுவார்கள் என்று பதில் வந்தது. அவர் முதலாளியிடம் இன்னும் ஒரு கிழமை தரச்சொல்லிக் கேட்டார். முதலாளி வேறு ஆளை எடுத்துவிட்டார்.

நவம்பர் 8 அன்று மறுபடி கோல். அதே பதில். நவம்பர் 12 தீபாவளி, ஊருக்குப் போனார். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள், "வேலை என்ன மாதிரி?" கொழும்பில் செல்வாக்குள்ள ஆளைப் பிடிக்காமல் ஒன்றும் நடக்காது என்று ஒரு மாமா தீர்ப்பும் சொல்லிவிட்டார். நவம்பர் 23 அன்று மூன்றாவது கோல். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னது எவருக்கும் பழக்கப்பட்ட கதைதான். அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது இன்டர்வியூவில் கணக்குப் பிரிவு மனேஜர், சிங்களம் சமாளிப்பீரா என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் விளங்கும், பேச வராது என்று இவர் உண்மையைச் சொன்னார். காரணம் ஒன்றும் வராத அந்த நாட்களில் இவர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்: அந்தப் பதில்தான் வேலையைக் கெடுத்தது. தமிழனென்று தள்ளிவிட்டார்கள் என்று அறைத்தோழர் ஒருவர் அடித்துச் சொன்னார். இவர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் நவம்பர் கடைசியில் வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் நடக்கும் பேச்சுச் சிங்கள வகுப்புக்குக் காசு கட்டிச் சேர்ந்தார். இந்த ஊரில் வேலை செய்ய சிங்களம் தெரிந்திருப்பது நல்லதுதான், நானே எல்லாருக்கும் சொல்வேன். ஆனால் அந்த வகுப்பில் அவர் ஒரு மொழியைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. இல்லாத குறை ஒன்றுக்குத் தண்டப்பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் வேறொரு கொம்பனி கூப்பிட்டது. அங்கே நற்சான்றிதழின் மூலப்பிரதி கேட்டார்கள். புதிதாக ஒன்று எடுப்பதென்றால் சொந்த ஊர் கிராம சேவகரிடம் போய், பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். அதாவது கோட்டையிலிருந்து இரவு பஸ், வேலை நாளொன்றில் லீவு, திரும்ப இரவு பஸ். அதைவிட எங்களிடம் வந்து கேட்பது மேல் என்று வந்திருக்கிறார். ரிசெப்ஷனில் எப்படிக் கேட்பது என்று வரும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

கோப்பின் உள்ளே

கோப்பைத் திறந்ததும் மேலே அவருடைய சிவி. வலது மூலையில் பென்சிலால் 'ஹோல்ட்' (இப்போதைக்கு நிறுத்தி வை) என்று எழுதி ஒரு வட்டம். கையெழுத்து என்னுடையது. சிவிக்குப் பின்னால் கிளிப்பில் இரண்டு இளஞ்சிவப்புத் துண்டுகள், ரிசெப்ஷனில் தகவல் எழுதித் தருகிற துண்டுகள். ஒன்று 30/10, மற்றது 8/11. இரண்டிலும் பெயர், தொலைபேசி இலக்கம், 'இன்டர்வியூ பற்றி' என்ற சொற்கள். மூன்றாவது துண்டு அங்கே இல்லை. இரண்டும் என் கைக்கு வந்து, நானே கிளிப்பில் செருகியவை. செருகியது ஞாபகமில்லை, ஆனால் வேறு யாரும் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை.

அடுத்தது புள்ளித் தாள். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். எழுத்துப் பரீட்சையில் இவருக்குத்தான் கூடிய புள்ளி. மொத்தத்தில் இரண்டாமிடம். மொழி என்ற நிரலில் மனேஜர் எழுதியிருந்தது: 'போதும்'. அவ்வளவுதான். சிங்களம் இந்த முடிவில் எங்குமே இல்லை.

அப்படியென்றால் என்ன நடந்தது? நாங்கள் இரண்டு பேரை எடுக்கத்தான் நினைத்திருந்தோம். முதலிடத்துப் பெண் ஒக்டோபர் 24 அன்று ஒஃபரை ஏற்றுக்கொண்டார். நோட்டீஸ் முடித்து டிசம்பர் 1 அன்று வருவதாக ஏற்பாடு. இரண்டாவது இடத்துக்கு இந்தத் தம்பி. மாதக் கடைசியில், 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆக உயரப்போகிறது என்ற செய்தி வந்தது. இறக்குமதி செய்து விற்கும் கொம்பனிக்கு அது சின்னச் செய்தி இல்லை. ஜனவரி விற்பனையைப் பார்த்துவிட்டுத்தான் இனி ஆள் என்றார் பணிப்பாளர். இரண்டாவது இடம் ரத்தாகவில்லை, நிரப்பப்படவும் இல்லை. அதோடு, முதலிடத்துப் பெண் கடைசி நேரத்தில் வராமல் விட்டால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்றும் இருந்தது. ஆகவே 'ஹோல்ட்'.

இங்கேதான் நான் நீண்ட நேரம் நின்றேன். மறந்துபோனோம் என்று சொல்லக் கூடியதாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். நாங்கள் மறக்கவில்லை. அவருக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தது எங்களுக்கு உதவியாக இருந்தது. 'இல்லை' என்று சொன்னால் அவர் வேறிடம் போய்விடுவார். 'இரண்டாமிடம், பொறுத்திருங்கள்' என்று சொன்னால் எவ்வளவு நாள் என்று கேட்பார். ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் தானாகவே காத்திருப்பார். காத்திருப்பில் இருந்த அந்தத் தம்பி எங்களுக்கு ஒரு காப்புறுதி. காப்புறுதி என்றால் மாதாமாதம் தவணைப்பணம் கட்ட வேண்டும்; நாங்கள் கட்டவில்லை, அவர் கட்டினார். புறக்கோட்டை வேலை, சிங்கள வகுப்புக் காசு, தீபாவளி நாளில் தலை குனிந்தது எல்லாம் அந்தத் தவணைகள்தான்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் இதைக் 'கோஸ்டிங்' (ghosting, பேய் மாதிரி மறைந்துபோவது) என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கேட்டால் ஆள் மறைந்துபோன மாதிரி இருக்கிறது. நாங்கள் எங்கும் மறையவில்லை. 56 நாளும் அதே மேசையில் இருந்தோம். அவர் பெயர் என் இழுப்பறையில் இருந்தது.

'இல்லை' யாருடைய வேலை?

என் அறைச் சுவரில் ஆட்சேர்ப்பு நடைமுறையைப் படமாக வரைந்து ஒட்டியிருந்தோம். விளம்பரம், சிவி பிரித்தல், மூன்று இன்டர்வியூ, அனுமதி, ஒஃபர் கடிதம், ஜொயினிங். தம்பி போன பிறகு அந்தப் படத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். அனுமதிக்குப் பிறகு கோடு ஒரேயொரு ஆளோடு மேலே போகிறது. மற்ற எட்டுப் பேருக்கும் கோடே இல்லை. அவர்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றுபோகிறார்கள்.

கணக்குப் பிரிவு மனேஜரைக் கேட்டேன்: அறிவிப்பது எச்.ஆரின் வேலை என்று நினைத்திருந்தார். பணிப்பாளர், அறிவித்தாயிற்று என்றே நினைத்திருந்தார். நான், பணிப்பாளர் கடைசி வார்த்தை சொல்லும்வரை எனக்கு அறிவிக்க உரிமை இல்லை என்று நினைத்திருந்தேன். ரிசெப்ஷனில் இருந்த பிள்ளைக்குச் சொல்வதற்கு ஒன்றுமே கொடுக்கப்படவில்லை; தொலைபேசியில் ஏச்சு வாங்கியது மட்டும் அவர்தான். யாரும் கெட்டவர் இல்லை. 'இல்லை' என்பதை வாயால் சொல்லும் வேலை யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

கூச்சமும் உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. கல்யாணப் பேச்சில் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்புவோம். பழியைக் கிரகங்கள் ஏற்றுக்கொள்ளும், இரு வீட்டுக்கும் நோவில்லை. ஆனால் அங்கேகூடத் தரகர் என்று ஒருவர் வந்து சொல்கிறார், கேட்ட வீட்டார் அடுத்த சாதகத்தைப் பார்க்கப் போகிறார்கள். வேலை விஷயத்தில் நாங்கள் அந்தத் தரகரையும் இல்லாமல் செய்துவிட்டு, மௌனத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது

தனியார் கொம்பனி இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு முடிவு சொல்லியே ஆகவேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் வேலைக்கு எடுத்த பிறகுதான் பேசத் தொடங்கும். வாசலில் நிற்பவர் தொழிலாளி இல்லை. தொழில் நியாய சபைக்குப் போக அவருக்கு வழியில்லை. அரசாங்க வேலையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் புள்ளியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் கொம்பனியிடம் அந்தக் கதவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விண்ணப்பதாரரின் சிவியும் அடையாள அட்டைப் பிரதியும் அவருடைய தனிப்பட்ட தரவு. ஆனால் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போயிற்று.

பிறகு ஒருநாள் ஸ்காபரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே இதற்குச் சட்டமே வந்துவிட்டது என்று சொன்னாள். தேடிப் பார்த்தேன், உண்மைதான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பகிரங்கமாக விளம்பரம் செய்த வேலைக்கு யாரையாவது இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூ நடந்து 45 நாட்களுக்குள் ஆளை எடுப்பது பற்றி முடிவாகிவிட்டதா இல்லையா என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். நேரிலோ எழுத்திலோ மின்னஞ்சலிலோ சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த 45 நாளை எங்கள் கோப்பில் வைத்து எண்ணினேன். ஒக்டோபர் 17இலிருந்து எண்ணினால் டிசம்பர் 1. முதலிடத்துப் பெண் எங்கள் வாசலுக்குள் வந்து கையொப்பமிட்ட நாள் அது. அன்று மத்தியானமே அந்தத் தம்பிக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். அந்த நாளும் எங்களைத் தாண்டிப் போயிற்று.

பிறகு செய்தவை

அன்று சான்றிதழைக் கையில் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, புள்ளித் தாளில் அவருடைய வரியைக் காட்டினேன். காட்டக் கூடாது என்று விதி, காட்டினேன். மொழி நிரலில் 'போதும்' என்றிருந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு சொன்னார், "நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே மற்ற வேலைக்குப் போயிருப்பன் மிஸ்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஜனவரியில் பணிப்பாளரோடு இருந்து பேசினேன். அவர் முதலில் சொன்னது எல்லா மனேஜர்மாரும் சொல்வதுதான்: நூற்றுக்கணக்கில் சிவி வருகிறது, எல்லாருக்கும் எப்படிப் பதில் போடுவது? நான் கேட்டது சிவி அனுப்பிய எல்லாரையும் பற்றி அல்ல, எங்கள் கதிரையில் வந்து உட்கார்ந்த ஒன்பது பேரைப் பற்றி. ஒன்பது கோல் எடுக்க ஒரு மணித்தியாலம் போதும். அடுத்தது, மறுத்தால் வாதாடுவார்கள், காரணம் கேட்பார்கள், வக்கீல் வைப்பார்கள் என்ற பயம். முடிவை மட்டும் சொல்வோம், காரணத்தை எழுத்தில் கொடுக்கமாட்டோம் என்று ஒத்துக்கொண்டோம். இது எனக்கு முழுத் திருப்தி இல்லை. காரணம் தெரியாததால்தானே அந்தத் தம்பி இல்லாத குறையைத் தேடிப் போனார். ஆனாலும் யாராவது கோலில் நேரே கேட்டால் ஒரு வசனமாவது சொல்லலாம் என்ற அளவுக்குப் பணிப்பாளர் இறங்கி வந்தார்.

மூலச் சான்றிதழ் வாங்குவதை ஒஃபர் கடிதத்துக்குப் பிறகு என்று மாற்றினோம். இன்டர்வியூவில் போட்டோகொப்பி போதும். ஒவ்வொரு இன்டர்வியூவின் முடிவிலும் ஒரு திகதியை வாயால் சொல்லி, ஒரு துண்டில் எழுதியும் கையில் கொடுத்தோம்: இந்தத் திகதிக்குள் பதில் வரும், வராவிட்டால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். துண்டு மூன்று மொழியிலும். முடிவாகாவிட்டாலும் அந்தத் திகதியில் கூப்பிட்டு, முடிவாகவில்லை என்று சொல்லி, புதுத் திகதி கொடுக்க வேண்டும். யாரையாவது 'ஹோல்ட்' பண்ணினால் அது அவருக்குத் தெரிய வேண்டும்: "நீங்கள் இரண்டாமிடம். இந்தத் திகதிவரை உங்களை நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குள் வேறு வேலை வந்தால் தயங்காமல் எடுங்கள்."

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். விற்பனைப் பிரிவு மனேஜர் ஒருவர் கடைசிவரை துண்டு கொடுக்கவில்லை. இரண்டு தடவை திகதி தவறியது. ஒரு தடவை நான் சுகமில்லாமல் லீவில் இருந்தேன், எனக்குப் பதில் செய்ய யாரையும் நியமித்திருக்கவில்லை. ஒருவர் கோலிலேயே என்னை ஏசினார், கேட்டுக்கொண்டேன். 'ஹோல்ட்' என்று சொன்ன ஒருவர் வேறிடத்துக்குப் போனார், நாங்கள் நல்ல ஆள் ஒன்றை இழந்தோம். பணிப்பாளர் இதைச் சுட்டிக்காட்டினார். நியாயம்தான், அந்த இழப்பு இம்முறை எங்கள் பக்கம் வந்தது. முன்பு அது எப்போதும் மற்றப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தத் தம்பிக்கு டிசம்பரில் கூப்பிட்ட கொம்பனியிலேயே வேலை கிடைத்தது. சிங்கள வகுப்பை விடவில்லையாம். மார்ச்சில் எங்களிடம் இரண்டாவது இடம் திறந்தபோது முதலில் அவருக்குத்தான் எடுத்தேன். நன்றி சொல்லி மறுத்தார்.

புது முறையில் நான் எடுத்த முதல் கோல் ஹட்டனிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளைக்கு. அதே கணக்குப் பிரிவில் வேறொரு வேலைக்கு வந்து நான்காமிடத்தில் நின்றவர். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன். இந்தத் தடவை உங்களை எடுக்க முடியவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை. பிறகு அவர், "சரிங்க மிஸ். சொன்னதுக்கு நன்றிங்க. இன்னொரு எடத்துல நாளைக்குள்ள சொல்லச் சொன்னாங்க, அப்ப நான் அங்கேயே சரின்னு சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.